மீன்பிடித் துறைமுகத்துக்கு அரசாங்கக் காசு: மலைநாட்டுல இருக்கிற நமக்கு இதுல என்ன சம்பந்தம்?

பண்டாரவளை மீன்கடை:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற விசயம், இங்க நம்ம ஆளுங்க நெறைய பேர் இருக்கிறதால கேக்குறேன். நம்ம கடைக்கு மீன் வாறது ரெண்டு வழியில. ஒண்ணு கொழும்புக்குப் பக்கத்துல பேலியகொடை மொத்த மீன் சந்தைல இருந்து, மத்தது வெல்லவாய தணமல்வில ரோட்டால ஹம்பாந்தோட்ட, தங்காலை, கிரிந்த பக்கம் இருந்து. கடல்னா நமக்குக் கிட்ட இருக்கிறது கிரிந்த தான். ஆனா அந்த ஹார்பர் வாய்ல மண்ணு அடைச்சா பெரிய போட் உள்ள வராது, வேற ஹார்பருக்குப் போயிரும், நம்ம லொறியும் அங்க சுத்திப் போகணும், டீசல் கூடும் ஐஸ் கூடும், மலை ஏறி வந்து பொட்டிய தொறந்தா சாலயா மீன் வயிறு வெடிச்சு நிக்கும். பாதிய கழிச்சிட்டு மீதிய விக்கிறப்ப வெல ஏறாம என்ன செய்யும். தோட்டத்துல நாள் சம்பளம் வாங்கிட்டு வாற அக்கா ஒருத்தவங்க கால் கிலோ கேட்டு, வெலய கேட்டுட்டு பேசாம கருவாடு வாங்கிட்டுப் போறத பாக்க நல்லா இல்ல.

கிரிந்த 1985ல ஜப்பான் உதவியோட கட்டினது. கட்டின கொஞ்ச காலத்துலயே மண்ணு அடைக்க ஆரம்பிச்சிருச்சு. திருத்துவாங்க, திரும்ப அடைக்கும். 2004 சுனாமி அங்க நின்ன மண்ணு அள்ளுற கப்பலையே கரையில தூக்கிப் போட்டுச்சு. அப்புறமும் திருத்தினாங்க, அப்புறமும் அடைச்சுச்சு.

என் கேள்வி இதான். ஹார்பர் பராமரிக்கிறதுக்கு அரசாங்கம் வருசா வருசம் ஒழுங்கா காசு ஒதுக்கணுமா, இல்ல போட்காரங்களே பாத்துக்கட்டும்னு விட்றணுமா? நான் அரசாங்கம் குடுக்கணும்னு நெனைக்கிறேன். உங்க கருத்த சொல்லுங்க.

தலவாக்கலை தம்பி:
அண்ணே உங்க மேல கோவம் இல்ல, ஆனா இது நம்ம கேக்க வேண்டிய கேள்வியா? 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்து மலையே இறங்கிச்சு, ரோடு போச்சு, ரயில் பாதை போச்சு, லயத்தோட சனம் பொதைஞ்சுச்சு. 2014ல மீரியபெத்த தோட்டத்துல மண்ணு சரிஞ்சப்பயே பாதுகாப்பான எடத்துல வீடு தாறோம்னு சொன்னாங்க. இன்னும் எத்தன குடும்பம் சரிவுக்குக் கீழ படுத்திருக்கு? நம்ம தோட்டத்து ரோட்டுல புள்ளத்தாச்சிய ஏத்திட்டு ஒரு த்ரீவீல் போக முடியாது. இதுல கடல்ல மண்ணு அள்ளுறதுக்கு காசு குடுங்கன்னு மலையில இருந்துகிட்டு நம்ம எதுக்கு கேக்கணும்? அங்க உள்ள எம்பிமாரு கேக்கட்டும்.

ராகலை:
தம்பி சொல்றது சரி. அதோட மல்டி டே போட், பல நாள் கடல்ல நின்னு பிடிக்கிற பெரிய போட், வச்சிருக்கிறவன் ஏழை இல்ல. ஒரு போட் கோடிக் கணக்குல போகுது. அவனுக்கு ஹார்பர் நம்ம வரியிலயா?

ஹட்டன் வாத்தியார்:
நான் ஸ்கூல்ல வணிகம் படிப்பிக்கிறேன், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு விசயம். நெறைய பேர் ரெண்டு கூட்டுத்தாபனத்தையும் போட்டுக் கொழப்பிக்கிறாங்க. மீன் வாங்கி விக்கிறது, டவுன்ல ஸ்டோல் வச்சிருக்கிறது, அது இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம், 1964ல வந்தது. ஹார்பர பாக்குறது வேற ஆள், இலங்கை மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், 1972ல வந்தது. மோதரை, திக்கோவிட்ட, பேருவளை, காலி, மிரிஸ்ஸ, புராணவெல்ல, குடாவெல்ல, தங்காலை, கிரிந்த, வாழைச்சேனை, திருகோணமலையில கொட்பே எல்லாம் இவங்க கையில தான். இவங்களுக்கு வருமானம் எங்கருந்து வருதுன்னா போட் கட்டுற கட்டணம், ஐஸ், தண்ணி, எண்ணெய், அப்புறம் ஹார்பர் காணியில கட்டடம் வாடகைக்கு விடுறது. சம்பளம் குடுக்கவும் கரண்ட் பில் கட்டவும் அது ஓடும். ஆனா வாய்ல அடைச்ச மண்ண அள்ளுறது, அலைய தடுக்கப் போட்ட கல்லணை சரிஞ்சா திரும்ப அடுக்குறது, இதெல்லாம் பெரிய செலவு, அதுக்கு திறைசேரியத்தான் பாக்கணும். திறைசேரில காசு இல்லாத வருசம் மொதல்ல வெட்டுறது எத? பராமரிப்ப. ஏன்னா ஒரு வருசம் மண்ணு அள்ளாட்டி யாரும் ரோட்டுல எறங்கிக் கத்த மாட்டாங்க. மூணு வருசம் அள்ளாட்டி ஹார்பரே போயிரும், அப்ப ஒரேயடியா பல மடங்கு காசு வேணும்.

கட்டுறதுக்கு மட்டும் எப்பவும் காசு கெடைக்குது. திக்கோவிட்ட நெதர்லாந்து கடன்ல கட்டி 2013ல தொறந்தாங்க. ஒலுவில் டென்மார்க் கடன்ல கட்டினது, அதுவும் 2013ல தான் தொறந்தாங்க. வெளிநாட்டுக்காரன் புதுசா கட்ட கடன் தருவான், அவன் கம்பெனிக்கும் வேல கெடைக்கும். வருசா வருசம் மண்ணு அள்ள எவனும் கடன் தர மாட்டான், அது நம்ம சொந்தக் காசு.

இப்ப தலவாக்கலை தம்பிக்கு. நீங்க சொன்ன தோட்டத்து ரோடு ஏன் அந்த கதியில இருக்கு, யோசிச்சுப் பாருங்க. 1987ம் வருசத்து பிரதேச சபை சட்டத்துல 33ம் பிரிவு காரணமா பிரதேச சபைக் காசு தோட்டத்துக்குள்ள போக முடியாம கெடந்துச்சு. கம்பெனி இது பொதுசனம் போற ரோடுன்னு சொல்லும், சபை இது கம்பெனி ரோடுன்னு சொல்லும். 2018ல தான் அத திருத்தினாங்க. முப்பது வருசம் அந்த ரோட்ட பராமரிக்கிறது யாரோட பொறுப்புன்னே இல்லாம இருந்துச்சு. ஹார்பர்லயும் அதே கத தான் நடக்குது. கட்டினவன் போயிட்டான், பாவிக்கிறவன் தனக்குப் பெலன் இல்லன்னு சொல்றான், திறைசேரி அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லுது. தன் ரோட்டுல இத அனுபவிச்ச சனம் நம்ம. நம்ம கேக்காம வேற யார் கேப்பாங்க?

தலவாக்கலை தம்பி:
சேர் 33ம் பிரிவு விசயம் தெரியும், ஆனா சட்டம் திருத்தி என்ன, காசு வரலையே.

ஹட்டன் வாத்தியார்:
அதத்தான் தம்பி நானும் சொல்றேன். அதிகாரம் இருந்தா மட்டும் பத்தாது, வருசா வருசம் அதுக்குன்னு ஒதுக்கின காசும் இருக்கணும்.

நுவரெலியா டீச்சர்:
நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில மயிலிட்டிப் பக்கம், கலியாணம் கட்டி இஞ்ச வந்தனான். எங்கட ஆக்கள் 1990ல போரால இடம்பெயர்ந்தது, துறைமுகத்தை ஆமிக்காரர் 2017ல தான் விட்டவை. அதுவரைக்கும் முகாமில இருந்துகொண்டு வேற ஊர்க் கரையில போய்த் தொழில் செய்தவை. அப்பா சொல்லுவார், போருக்கு முதல் மயிலிட்டி மீன் கொழும்புக்கு மட்டுமில்ல கண்டிக்கும் போகுமெண்டு.

திருப்பித் தந்த பிறகு கட்டம் கட்டமாய்த் திருத்துகினம். மூண்டாம் கட்ட வேலையை 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி வந்து தொடக்கி வைச்சவர். அது நல்ல விசயம், குறை சொல்லேல்ல. ஆனா பராமரிப்பு எண்டால் மண் அள்ளுறது மட்டுமில்ல. எல்லை தாண்டினதெண்டு பிடிச்ச இந்திய ரோலர்களை, இழுவைப் படகுகளைக் கொண்டு வந்து அங்கதான் கட்டினவை. வழக்கு முடியும் வரைக்கும் அதுகள் கிடக்கும், சிலது தண்ணிக்குள்ள மூழ்கியும் போயிடும், எங்கட படகு கட்ட இடமில்லாமப் போகும். அதைத் தூக்கி அப்புறப்படுத்தவும் காசு வேணும், ஒரு திணைக்களம் பொறுப்பெடுக்கவும் வேணும். பெருசாக் கட்டுற காசுக்குள்ள இந்தச் செலவு வராது. அதால ஹட்டன் சேர் சொன்னதை நான் அப்பிடியே ஏற்றுக்கொள்ளுறன்.

ராகலை:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. பணக்கார போட் முதலாளிக்கு ஏன் வரிக்காசு?

ஹட்டன் வாத்தியார்:
நல்ல கேள்வி ஐயா, அத விட்டுட்டுப் போகக் கூடாது.

அரசாங்க உதவி எல்லாம் ஒண்ணு இல்ல. எண்ணெய் மானியத்த எடுத்துக்கோங்க. 2022 ஓகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே ராத்திரில 340 ஆச்சு, சின்ன படகுக்காரங்க கரையிலயே ஒக்காந்துட்டாங்க. அதுக்கு முந்தி 2012 பெப்ரவரில எண்ணெய் வெல ஏறினப்ப சிலாபத்துல ஆர்ப்பாட்டம் செஞ்ச மீனவர் ஒருத்தர சுட்டே கொன்னாங்க. 2024 கடைசில லீட்டருக்கு 25 ரூபா மானியம்னு கொண்டு வந்தாங்க. கஷ்டத்துல அது தேவ தான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா எண்ணெய் மானியத்துல யாருக்கு லாபம் கூட? எவன் கூட எரிக்கிறானோ அவனுக்கு. பெரிய போட், பெரிய எஞ்சின், பெரிய மானியம். ஹார்பர் வாய தொறந்து வச்சா அப்படி இல்ல. முதலாளி போட்டும் வரும், நாள் படகும் வரும், ஐஸ் தூக்குற பையனுக்கும் வேல, மீன் வெட்டுறவனுக்கும் வேல, லொறிக்காரனுக்கும், கடைசில பண்டாரவளை அண்ணன் கடைக்கும். மீன் பழுதாகாம கரை ஏறினா சாப்பிடுறவனுக்கும் லாபம். நாட்டுல பிடிக்கிற மீன்ல 30, 40 வீதம் சாப்பாட்டுக்கு வர முந்தியே தரம் கெட்டுப் போகுதுன்னு பல வருசமா சொல்லிட்டு இருக்காங்க. அதுல பாதிய காப்பாத்தினாலே ஒரு போட்டும் கூட விடாம மார்க்கெட்டுக்கு மீன் கூட வரும்.

முதலாளிகிட்ட வாங்க வேண்டியத வாங்கணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. போட் நீளத்துக்கு ஏத்த மாதிரி கட்டணம் ஏத்துங்க, ஏத்துமதி செய்றவன்கிட்ட கூட வாங்குங்க. ஆனா அந்தக் காசு அந்த ஹார்பர்லயே செலவாகணும், கொழும்பு கணக்குல கரைஞ்சு போகக் கூடாது.

இன்னொண்ணும் சொல்றேன். 2026 பட்ஜெட்ல நம்ம தோட்டத் தொழிலாளிக்கு வருகைக் கொடுப்பனவுன்னு நாளைக்கு 200 ரூபா திறைசேரில இருந்து குடுக்கிறதா வந்தப்ப "தனியார் கம்பெனி ஆளுக்கு எதுக்கு அரசாங்கக் காசு"ன்னு எத்தன பேர் எழுதினாங்க, ஞாபகம் இருக்கா? அப்ப நம்ம எல்லாரும் என்ன சொன்னோம்? உழைக்கிற சனம், நாட்டுக்கு டொலர் கொண்டு வாற சனம்னு சொன்னோம். கடல்ல ஒரு மாசம் கெடந்துட்டு வாறவனுக்கும் அந்த நியாயம் இருக்கு.

ராகலை:
200 ரூபா கதைய கொண்டு வந்து வச்சது நியாயம் தான். சரி, கட்டணம் ஏத்துறதா இருந்தா நான் எதிர்க்கல.

ஒலுவில் கரை:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் அம்பாறப் பக்கம், இப்ப பதுளையில கடை வச்சிருக்கன். எங்கட துறைமுகத்தப் பத்திப் பேச்சு வந்த படியா ஒரு பங்காளியா எழுதுறன்.

காசு குடுங்க குடுங்க எண்டு எல்லாரும் செல்லுறீங்க. காசு மட்டும் குடுத்தா சரி வராது, எந்த இடத்துல கட்டுறம், கட்டினா கடல் என்ன செய்யும் எண்டு பாக்காமக் கட்டினா எவ்வளவு கொட்டினாலும் போதாது. எங்கட கரையோரம் மண் வருசத்துல கூடின காலம் தெக்குல இருந்து வடக்குப் பக்கம் ஓடும். அதுக்குக் குறுக்கால கல்லணை போட்டாங்க. என்ன நடந்த? தெக்குப் பக்கமும் வாயிலயும் மண் வந்து சேந்த, வடக்குப் பக்கம் மண் கிடைக்காமப் போய் கரையக் கடல் திண்ட. ஒலுவில்ல தென்னந்தோட்டம் போன, நிந்தவூர் வரைக்கும் கரை கரைஞ்ச. கல்லைக் கொண்டு போட்டு ஒரு இடத்தக் காப்பாத்தினா அதுக்கு அங்கால அரிக்கும்.

பொறகு வாய் அடைபட்ட, போட் உள்ளுக்க நிண்டது நிண்டபடி. மண்ண அள்ளுங்க எண்டு மீன்பிடி ஆக்கள் கேக்க, அள்ளுற மண்ண எங்கட கரைக்குக் கொட்டாம ஒரு பிடி எடுக்க விடமாட்டம் எண்டு காணி பறிபோன சனம் நிண்ட. ரெண்டு பேரும் எங்கட ஆக்கள், ரெண்டு பேர்லயும் நியாயம் இருக்கு. அந்தத் துறைமுகம் வந்து கரையில உள்ள ரெண்டு கூட்டத்தச் சண்டைக்கு விட்டுட்டு, கப்பலும் வரல்ல, மீனும் வரல்ல.

அதால நான் செல்லுறது, பராமரிப்புக்கு எண்டு காசு ஒதுக்கினா அதுக்குள்ளயே ஒண்டு எழுதி வைக்கோணும்: அள்ளுற மண் அரிபடுற கரைக்குத்தான் போகோணும், விக்கிறதுக்கு இல்ல. அப்பத்தான் ரெண்டு பக்கமும் சரி வரும். தெக்குல இருந்து எடுத்து வடக்குல போடுறது தான் அங்க செய்யக் கூடிய ஒரே வேல. அது ஒரு தரம் செய்து முடியிற வேல இல்ல, துறைமுகம் இருக்கிற காலம் வரைக்கும் செய்யோணும். அந்தச் செலவு கட்டுறதுக்கு முதலே கணக்குல இருந்திருக்கோணும்.

பண்டாரவளை மீன்கடை:
நானா, இத இவ்ளோ தெளிவா யாரும் எனக்கு சொன்னதில்ல. கிரிந்தலயும் மண்ணு ஓடுற கத இதான். நீங்க இதுல எழுதினது ரொம்ப சந்தோசம்.

வெலிமடை பொண்ணு:
நான் கம்பஸ்ல சுற்றாடல் படிக்கிறேன், ஒரு எதிர்க் கருத்து சொல்லலாமா. மீன்பிடி மானியத்த ஆராய்ச்சி செய்றவங்க அத நல்லது கெட்டதுன்னு பிரிக்கிறப்ப துறைமுகம் கட்டுறதையும் கெட்ட பக்கத்துல தான் போடுறாங்க. ஏன்னா செலவு கொறைஞ்சா போட் கூடும், போட் கூடினா மீன் அழியும். உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூன்ல மீன்பிடி மானிய ஒப்பந்தம் செஞ்சாங்க, 2025 செப்டம்பர் 15ல அமுலுக்கு வந்துச்சு. சட்டவிரோதமா பிடிக்கிறதுக்கும் ஏற்கனவே கொறைஞ்சு போன மீனப் பிடிக்கிறதுக்கும் மானியம் குடுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. போட் அளவுக்கு மிஞ்சிப் போறதப் பத்தி இன்னும் பேசிட்டு இருக்காங்க. நம்ம கடல்லயும் மீன் கொறையுதுன்னு மீனவங்களே சொல்றாங்க. அதனால கண்ண மூடிட்டு காசு குடுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஹட்டன் வாத்தியார்:
மகள், இது யோசிக்க வேண்டிய விசயம். ஆனா புதுசா ஹார்பர் கட்டி போட்ட கூட்டுறது வேற, இருக்கிற ஹார்பர ஒழுங்கா வச்சிருக்கிறது வேற. ஞாபகம் இருக்கா, 2015 ஜனவரில இருந்து ஐரோப்பா நம்ம மீன வாங்க மாட்டேன்னுச்சு. காரணம் நம்ம போட் எல்லை தாண்டி ஒழுங்கில்லாம பிடிக்குது, அரசாங்கம் கண்காணிக்கலன்னு. 2016ல தான் தடைய எடுத்தாங்க, அதுக்கு போட்டுக்கு கண்காணிப்புக் கருவி பூட்டி, பிடிச்ச மீன லொக் புத்தகத்துல எழுத வச்சு, போகையிலயும் வரையிலயும் செக் பண்ணி, எவ்வளவோ செய்ய வேண்டி இருந்துச்சு. அந்த செக்கிங் எங்க நடக்குது? ஹார்பர்ல. ஹார்பர் வாய் அடைச்சு போட்டெல்லாம் கண்ட கண்ட கரையில ஏறினா என்ன மீன் பிடிச்சான், எவ்வளவு பிடிச்சான்னு யாருக்குத் தெரியும்? மீன காப்பாத்தணும்னாலும் ஒழுங்கான ஹார்பர் வேணும்.

வெலிமடை பொண்ணு:
அது சரி சேர். அப்ப பராமரிப்புக் காசுல ஒரு பங்கு அந்த கண்காணிப்புக்கும் போகணும்னு சேத்துக்கோங்க. புது ஹார்பர் கட்டுறத நான் இன்னும் எதிர்க்கிறேன்.

காசல்ரீ கரை:
எல்லாரும் கடலப் பத்தியே பேசுறீங்க. நம்ம காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை கொளத்துலயும் சனம் மீன் பிடிச்சுத்தான் பொழைக்குது. தோட்டத்துல வேல கொறைஞ்ச பையனுங்க வலை போட்டு திலாப்பியா பிடிச்சு நோர்வூட், மஸ்கெலியா பக்கம் விக்கிறாங்க. கொளத்துல மீன் குஞ்சு விடுறதுக்கு 1998 சட்டத்துல வந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை இருக்கு, விடுறாங்க, நல்லது. ஆனா ஓடம் கட்ட ஒரு மேடை கெடையாது, மீன் வைக்க ஒரு ஐஸ் பொட்டி கெடையாது. தண்ணி எறங்கினா சேத்துல முழங்கால் வரைக்கும் பொதைஞ்சு நடந்துதான் மீன தூக்கிட்டு வரணும். ஹார்பருக்குக் கோடிக் கணக்குல கேக்கிறப்ப நம்ம கொளத்துக்கும் ஒரு சின்ன எறங்குதுறை கேளுங்க. அதுவும் மீன்பிடி அமைச்சுக்குள்ள தான வருது.

தலவாக்கலை தம்பி:
அண்ணே இது தான் நான் தேடின பேச்சு. நம்ம ஊர் கொளத்த சேத்தா நானும் கையெழுத்துப் போடுறேன்.

பசறை:
அத்தான் ஒருத்தர் கனடால கிழக்குக் கரைப் பக்கம் மீன் பெக்டரில வேல செய்றாரு, அவர்கிட்ட கேட்டேன். அங்க சின்ன மீன்பிடி ஹார்பர் மத்திய அரசாங்கத்தோட சொத்து. ஆனா நடத்துறது அந்தந்த ஊர் மீனவங்க சேந்து வச்சிருக்கிற லாபம் பாக்காத சங்கம், அவங்க குத்தகைக்கு எடுத்து, கட்டணம் வாங்கி, அன்றாட வேலய பாத்துக்கிறாங்களாம். மண்ணு அள்ளுற மாதிரி பெரிய வேல மட்டும் அரசாங்கம். அங்கயும் காசு பத்தலன்னு சண்ட இருக்கு, ஆனா எது யாரோட வேலன்னு எல்லாருக்கும் தெரியுமாம்.

நுவரெலியா டீச்சர்:
எங்கட கரையிலயும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்குத்தானே. ஆளில்லாமல் இல்லை. அதிகாரமும் கணக்கும் அவையிட்டக் குடுக்கிறேல்ல, அதுதான் பிரச்சினை. கட்டணக் காசு எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவழிஞ்சது எண்டு துறைமுக வாசலில ஒரு பலகையில எழுதிப் போட்டாலே அரைவாசிச் சந்தேகம் தீரும்.

பண்டாரவளை மீன்கடை:
நான் கேள்வி கேக்கிறப்ப ரெண்டு மூணு பேர் பதில் போடுவீங்கன்னு தான் நெனச்சேன். எல்லாம் வாசிச்சேன், சிலத ரெண்டு தடவ வாசிச்சேன். நம்ம பக்கத்து எம்பி ஒருத்தருக்கு கடிதம் எழுதலாம்னு இருக்கேன். திறைசேரில இருந்து பராமரிப்புக்குன்னு தனியா ஒரு தொகை, வேற செலவுக்கு மாத்த முடியாத மாதிரி. பெரிய போட்டுக்கு கட்டணம் கூட்டி அது அந்த ஹார்பர்லயே நிக்கணும். அள்ளுற மண்ணு அரிபடுற கரைக்கு. புதுசா கட்ட முந்தி இருக்கிறத திருத்தணும். காசல்ரீக்கும் மவுஸ்ஸாக்கலைக்கும் எறங்குதுறையும் ஐஸும். தோட்டத்து ரோட்டையும் எழுதுவேன் தம்பி, கவலப்படாதீங்க, மீன் லொறி வாறதும் அந்த ரோட்டுல தான.

சேர், நீங்க கணக்குப் பக்கத்த கொஞ்சம் பாத்து தருவீங்களா? கணக்காய்வாளர் நாயகத்தோட அறிக்கை பாராளுமன்றத்துக்கு வருதுன்னு சொல்றாங்களே, அதுல துறைமுகக் கூட்டுத்தாபனத்துக்கு என்ன எழுதியிருக்குன்னு பாத்தா கடிதத்துல போடலாம்.

ஹட்டன் வாத்தியார்:
பாத்து தாறேன். தமிழ்லயும் வருது. இந்த லீவுல ஒக்காந்து கடைசி சில வருசத்தையும் எடுத்து, மண்ணு அள்ள எவ்வளவு கேட்டாங்க, எவ்வளவு கெடச்சுச்சுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதி இங்கயே போடுறேன். ஒலுவில் நானா, நீங்க அந்த வடக்குப் பக்கத்துல காணி போன சனத்தோட சங்கம் ஏதும் இருந்தா அவங்க கோரிக்கைய எடுத்து அனுப்புங்க, அவங்கள கேக்காம நம்ம பாட்டுக்கு எழுதக் கூடாது.

ஒலுவில் கரை:
இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறன், கேட்டுக்கு வாறன். மீன்பிடி ஆக்கள்ட்டயும் கேக்கன், ரெண்டு பக்கத்தையும் சேத்து எழுதுங்க.